பூஜ்யம் வாங்கிய அம்மா

எங்கள் வட்டாரத்தில் தாய்மார்களின் சோகம் போன வருடம் ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு ஒழிந்தது. நேரம் இவ்வளவு சுத்தமாக எனக்கு நினைவிருக்கக் காரணம், அப்போதுதான் சுகாதார நிலையத்து வாசலில் பலகையைத் திறந்து வைத்தார்கள். ‘பிரசவத்துக்குப் பிந்திய சோகம் அறவே இல்லாத வட்டாரம்’ என்று மஞ்சளில் சிவப்பு எழுத்து. திரையை இழுத்ததும் பலகையும் கூடவே சாய்ந்து வந்தது. அதை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் கைதட்டினார்கள்.

நான் அந்தச் சுகாதார நிலையத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உள்ளே நடப்பது எதுவும் என் இயந்திரத்துக்குள் போய் வராமல் நடக்காது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். காய்ச்சலுக்கு மூன்று நகல் கேட்பார்கள். எனவே சோகம் எப்படி ஒழிந்தது என்பதையும் நான் அறிவேன்.

பிள்ளை பெற்ற பெண்களிடம் கேட்பதற்கென்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. சிரிக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, இப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஏற ஏறச் சோகம் அதிகம். மொத்தமும் பூஜ்யமாக வந்தால் அந்த அம்மா பரம சந்தோஷத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கு நேர் தலைகீழான கணக்கு.

இதில் பத்தாவது கேள்விதான் வில்லங்கம் பிடித்தது. ‘உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளலாம் என்று எப்போதாவது தோன்றியதா?’ ஓரிரு பெண்கள் அதற்கு ‘ஆமாம்’ என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அலுவலகமே ஆடிப்போய்விட்டது. கூட்டம் போட்டார்கள். மூன்று மணி நேரம் அலசி, இந்தத் தீங்கெல்லாம் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது என்று கண்டுபிடித்துக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ‘இத்திட்டம் உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா?’ என்று போட்டார்கள். பழைய தாளின் கடைசி நகலும் புதிய தாளின் முதல் நகலும் ஒரே நாளில் என் இயந்திரத்தில் ஓடின. எனக்கு அன்றைக்கே எரிச்சல். ஆனால் ஜெராக்ஸ்காரனின் எரிச்சலை யார் கேட்கிறார்கள்?

இதற்கெல்லாம் மூளை, தாய் மகிழ்ச்சித் திட்டத்தின் அலுவலர். நாங்கள் சுருக்கமாக மகிழ்ச்சி அலுவலர் என்போம். புருவம் இரண்டும் எப்போதும் முட்டிக்கொண்டே இருக்கும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அது கீழ்நிலை ஊழியர்களின் வேலை என்று ஒதுக்கிவிட்டார் போலும்.

இந்த நிலையில்தான் மோட்டார்க்காரன் அங்கே போய் மாட்டினான்.

மோட்டார்க்காரன் என் பக்கத்துக் கடை. காயில் எனும் கம்பிச் சுருள் கருகிப்போன தண்ணீர் மோட்டார்களைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பான். கடைக்குப் பின்னாலேயே வீடு. கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கேள்வி. உலகத்தில் எந்தப் பொருளும் ஓடவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணத்தைக் கண்டுபிடித்தால் சரி செய்துவிடலாம் என்று நம்புகிற ஆள். அலுவலகங்களுக்குப் போய்ப் பழக்கமில்லாததால் அந்த நம்பிக்கை அதுவரை கெடாமல் இருந்தது.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது. ஒரு காலைப் பொழுதில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குள் போனான். நானும் நகலெடுத்த படிவங்களைக் கொடுக்கும் சாக்கில் பின்னால் போனேன்.

குழந்தை எடை பார்க்கும் அறையில் நர்ஸம்மா இருந்தார். ஏழு கிராமத்துக்கு அவர் ஒருவர்தான். ஏழு பதிவேடுகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தால் அவரும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்றே தோன்றும். குழந்தையைத் தராசில் போட்டார். பிறக்கும்போது இரண்டு கிலோ எண்ணூறு. இப்போது மூன்று கிலோ நானூறு.

“என்ன தம்பி இது? அஞ்சு கிலோவாவது தொட்டிருக்க வேணாமா? பால் குடிக்குதா இல்லையா?”

“அவளே சாப்பிடறதில்ல நர்ஸம்மா. தூங்கறதுமில்ல. நாள் பூரா செவுத்தைப் பாத்து உட்காந்திருக்கா. குழந்தை அழுதாத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நான் ஸ்பூன்ல டப்பாப் பால் குடுத்துட்டிருக்கேன். முன்னாடியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசினா ஒம்பது வார்த்தை பேசுவா. இப்ப நான் ஒம்பது பேசினாலும் ஒண்ணும் வரல.”

நர்ஸம்மா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் புரிந்துகொள்வதற்கு அந்த அறையில் அனுமதி இல்லை.

“தம்பி, இது குழந்தை எடைப் பிரிவு. அம்மா மனசு நாலாம் நம்பர் அறை. வாங்க, நானே கூட வர்றேன்” என்று மெதுவாகச் சொன்னார்.

நாலாம் நம்பர் அறைக்குப் பெயர் மகிழ்ச்சி அறை. வாசலில் ஒரு கண்ணாடி மாட்டி, ‘சிரித்த முகத்துடன் உள்ளே வரவும்’ என்று எழுதியிருந்தது. மோட்டார்க்காரன் நியாயமான மனிதன். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனான். அவன் மனைவி கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, யாரோ வழியில் நிற்கிறார்கள் என்பது போல ஒதுங்கிப் போனாள்.

உள்ளே மகிழ்ச்சி அலுவலர் புருவத்தை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா தாளை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். முதல் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. நர்ஸம்மா அலுவலரைப் பார்த்தார்.

“விதி பன்னெண்டு படிக்கலையா?” என்றார் அலுவலர். “பதில் இல்லைன்னா குறை இல்லைன்னு எடுத்துக்கணும். பூஜ்யம் போடுங்க.”

“சார், அவங்க பேசவே...”

“போடுங்க.”

நர்ஸம்மா போட்டார். பத்துக் கேள்வி, பத்துப் பூஜ்யம். மோட்டார்க்காரன் தாளை எட்டிப் பார்த்தான்.

“சார், அவ ஒண்ணுமே சொல்லலையே?”

“குறை இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. எனக்கு ஒரு குறைன்னா வீட்டையே ரெண்டு பண்ணிடுவேன். இவங்க பாருங்க, எவ்வளவு அமைதி. இந்த அமைதிக்குத்தான் சார் நாங்க ராப்பகலா உழைக்கிறோம்.”

“அழறா சார். உட்காந்த இடத்துலயே கண்ணுலேர்ந்து தண்ணி வந்துட்டே இருக்கும்.”

“தாய்மை. ஆனந்தக் கண்ணீர்.”

“ஆனந்தம்னா சாப்பிட மாட்டாங்களா சார்?”

அலுவலர் பேனாவை மூடினார். “இங்க பாருங்க. எனக்கு உங்க மேல தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. சோகம்னு நீங்க பதிவு பண்ண ஆசைப்பட்டா, இந்த வட்டாரத்துல முடியாது. ஒழிச்சாச்சு, வெளிய பலகை இருக்கு. பக்கத்து வட்டாரத்துல இன்னும் ஒழிக்கல. அங்க நிறைய இருக்கு, போய்ப் பண்ணிக்கலாம். இல்ல இங்கதான் வேணும்னா, சோகச் சான்று கொண்டாங்க.”

மறுநாள் மோட்டார்க்காரன் இரண்டு பஸ் மாறிப் பக்கத்து வட்டாரத்துக்குப் போனான். அங்கிருந்தவர்கள் முகவரியைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டார்கள். “உங்க ஊர்லதான் சோகமே இல்லைன்னு போர்டு போட்டுப் பெருமையடிச்சீங்களே. இப்ப எங்க எண்ணிக்கையை ஏத்த வந்துட்டீங்களா?” என்று விரட்டிவிட்டார்கள். திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான்.

“அண்ணே, சோகச் சான்றுக்குப் படிவம் இருக்கா?”

இருந்தது. நாலு பக்கம். சோகம் தொடங்கிய தேதி, சோகத்துக்கு முன் மகிழ்ச்சியாக இருந்ததற்கான ஆதாரம், அழுததைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர், கிராம அலுவலரின் நேரடி ஆய்வுக் குறிப்பு. மகிழ்ச்சிக்கு ஆதாரமாகக் கல்யாண போட்டோவை ஒட்டினோம். அதில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். போட்டோக்காரரின் குடை காற்றில் திரும்பிக்கொண்ட நேரமாம். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். எதிர் வரிசை டெய்லரும் போட்டார்.

கிராம அலுவலர் ஆய்வுக்கு வந்தார். அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவர் முன்னால் போய் நின்று பார்த்தார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

“அழலையே?”

“இப்பத்தான் சார் நிறுத்தினா.”

“நேர்ல பாக்காம நான் எப்படி எழுதறது? நாளைக்கு என்னைக் கேள்வி கேட்டா யார் பதில் சொல்றது?” டைரியைப் புரட்டினார். “நாளைக்கு இந்தப் பக்கம் ரோடு அளக்கற வேலை இருக்கு. பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் இங்கதான் இருப்பேன். அந்த நேரத்துல அழச் சொல்லுங்க.”

சொன்னபடி மறுநாள் பதினொன்றேகாலுக்கு வந்தார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. மோட்டார்க்காரன் மடியில் போட்டு ஸ்பூனால் பால் புகட்டப் பார்க்க, அது கடைவாயில் வழிந்துகொண்டிருந்தது. அவன் மனைவியிடம், “ம்மா, ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பு” என்றான். அவள் திரும்பவில்லை. அவன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அழுதான். பெரிய ஆள் அழுவதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. கிராம அலுவலர் நேர்மையானவர். கண்டதைக் கண்டபடி எழுதினார். ‘ஆய்வு நேரத்தில் கணவர் அழுதார். மனைவி அழவில்லை.’

ஒரு வாரத்தில் சான்று வந்தது. மோட்டார்க்காரனுக்குப் பிரசவத்துக்குப் பிந்திய சோகம் இருப்பதாக முத்திரை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு மகிழ்ச்சி அறைக்குப் போனான். அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

“சரி, சோகம் இருக்கு. ஒத்துக்கறேன். உங்களுக்குப் பிரசவம் ஆனதுக்கு ஆதாரம்?”

“எனக்கு எப்படி சார் ஆகும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

குழந்தை இதற்குள் மூன்று கிலோ முந்நூறுக்கு இறங்கிவிட்டது. நர்ஸம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதினார். சீட்டில் அலுவலர் கையெழுத்து இல்லாமல் அங்கே பார்க்க மாட்டார்கள். அலுவலர் அதில் ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார். ‘முழுப் பூஜ்யம் பெற்ற மகிழ்ச்சியான தாயின் குழந்தை மெலிய வாய்ப்பில்லை. தராசைச் சரிபார்க்கவும்.’ அன்று மாலையே தராசு பழுது பார்க்கப் போய்விட்டது. தராசு இல்லாததால் அந்த மாதம் எங்கள் வட்டாரத்தில் எடை குறைந்த குழந்தைகளும் ஒழிந்தார்கள்.

நர்ஸம்மா மட்டும் பதிவேட்டில் எழுதாமல், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வந்து பார்த்துவிட்டுப் போவார். பால் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை புகட்டுவது என்று மோட்டார்க்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது ஒருநாள், “நான் போட்ட பூஜ்யம் தம்பி அது. என் கையாலதான் போட்டேன்” என்றார். மோட்டார்க்காரன் பாதி சுற்றிய காயிலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை அலுவலகத்து ஜீப் மோட்டார்க் கடை வாசலில் வந்து நின்றது. மகிழ்ச்சி அலுவலர் இறங்கினார். அவர் உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது. பல்வலியாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

மாவட்டத்தில் அந்த வருடம் நாலாயிரத்துச் சொச்சம் தாள்கள் நிரப்பியிருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் ஒன்றோ இரண்டோ வந்துவிடுகிறது. தூக்கம் சரியில்லை என்று ஒருத்தி, முதுகு வலிக்கிறது என்று இன்னொருத்தி. பத்துக்குப் பத்தும் பூஜ்யம் வாங்கிய ஒரே தாய் எங்கள் மோட்டார்க்காரன் மனைவிதான். ‘மாவட்டத்தின் மிக மகிழ்ச்சியான தாய்’ என்று கேடயம் கொடுக்கப் போகிறார்களாம்.

“சார், அவ இன்னும் ஒரு வார்த்தை பேசல சார்” என்றான் மோட்டார்க்காரன்.

“பேச வேண்டாம். பேச்சை நானே எழுதிட்டேன், நானே படிச்சிடுவேன். அவங்க மேடைல உட்காந்தாப் போதும்.” பிறகு குழந்தையை எட்டிப் பார்த்தார். உதடு பழைய இடத்துக்குத் திரும்பியது. “குழந்தை கொஞ்சம்... போட்டோவுக்கு ஒத்துவராது. கவலைப்படாதீங்க. கடைசித் தெருவுல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். எட்டு கிலோ. நல்ல சுபாவம், யார் தூக்கினாலும் போகும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஜீப் போனதும் மோட்டார்க்காரனைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்கு மானம் ரோஷம் இருக்கா? ஊரான் பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டுக் கேடயம் வாங்கப் போறியா?”

அவன் அழைப்பிதழை என்னிடம் நீட்டினான். சிறப்பு விருந்தினர் என்ற இடத்தில், கிரீஸ் விரல் பட்ட கறைக்குப் பக்கத்தில், மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரம்மா என்று போட்டிருந்தது.

“ரெண்டு மாசமா அவ இப்படி இருக்கா, ஒரு டாக்டர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்த முடியலண்ணே. இவங்களே கூட்டிட்டுப் போய் மேடைல பக்கத்துல உட்கார வெக்கறாங்களாம். ரெண்டு நிமிஷம் கிடைச்சாப் போதும், கால்ல விழுந்தாவது சொல்லிடுவேன். கேடயம் கெடக்குது கழுதை.”

நான் அழைப்பிதழை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தேன்.

விழா பள்ளிக்கூட மண்டபத்தில். பிள்ளை பெற்ற பெண்களை வேன்களில் அள்ளி வந்து வரிசை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எப்போது கைதட்ட வேண்டும் என்று காட்டுவதற்கு ஓர் ஊழியர் பலூனோடு முன்னால் நின்றார். பலூன் மேலே போனால் தட்ட வேண்டும்.

மோட்டார்க்காரன் முதல் வரிசையில் தன் குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் பக்கத்தில். மேடையில் அவன் மனைவியை நர்ஸம்மா கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அந்தப் பக்கம் டாக்டரம்மா; நரைத்த தலை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். எட்டு கிலோக் குழந்தையை ஓர் ஊழியர் தூக்கி வந்து அந்தப் பெண்ணின் மடியில் இறக்கினார். அது பக்கத்தில் கிடந்த இன்னொரு மைக்கின் வயரைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது.

மகிழ்ச்சி அலுவலர் பேசினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் இங்கே பொறுப்பேற்றபோது பார்த்த இடமெல்லாம் சோகம். நூற்றுக்குப் பதினைந்து தாய்மார்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் போய்ப் பார்த்தேனா? இல்லை. அதனால் நேரம்தான் வீண். நான் பார்த்தது படிவத்தை! படிவத்தைச் சரி செய்தேன், சோகம் தானாகவே ஓடிப்போனது. குழந்தைகளின் எடை குறைகிறது என்றார்கள். தராசைக் கழற்றினேன், அந்தப் புகாரும் நின்றது. ஒரு தலைவன் பிரச்சினையின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் பிரச்சினைகளுக்கெல்லாம் வேர், அவற்றை எழுதி வைப்பதுதான்!”

பலூன் மேலே போனது. தட்டினார்கள்.

“இதோ, இந்தத் தாயைப் பாருங்கள். மடியில் குழந்தையைப் பாருங்கள். மூன்று மாதத்தில் எட்டு கிலோ! இது யாருடைய சாதனை?”

அந்த நேரம் பார்த்து மோட்டார்க்காரனின் குழந்தை அழ ஆரம்பித்தது. பெரிய அழுகை இல்லை. அதற்கு அவ்வளவு தெம்பு ஏது? நனைந்த தீக்குச்சியை உரசுவது மாதிரி ஒரு சத்தம். அவன் அதைத் தோளில் போட்டுத் தட்டினான். அது நிற்கவில்லை.

மேடையில் இருந்த பெண் தலையைத் தூக்கினாள்.

தன் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். அதன் கொழுத்த கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டாள். வயரோடு மைக்கும் அதன் கையில் இருந்ததால், அவள் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“இது என் குழந்தை இல்ல.”

பலூன்காரர் குழம்பிப்போய்ப் பாதி தூக்கினார். யாரும் தட்டவில்லை.

“ஆனந்தத்தில் தடுமாறுகிறார்” என்றார் அலுவலர்.

“என்னோடது அதோ, அவர் கையில இருக்கு. அழுதுட்டிருக்கே, அது.” குரல் பழகாமல் கரகரத்தது. “அதுக்குப் பசி.”

மோட்டார்க்காரன் எழுந்து நின்றுவிட்டான். கால்களில் விழுவதற்கென்று மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் அவன் வாயில் வரவில்லை. “பேசறா” என்று மட்டும் என்னிடம் சொன்னான். “அண்ணே, பேசறா.”

அலுவலர் கையை உதறி மைக்கை அணைக்கச் சொன்னார். அதற்குள் நர்ஸம்மா தன் ஏழு பதிவேடுகளையும் மேடையில் தொப்பென்று போட்டார். மைக்கை மட்டும் அந்தப் பெண்ணின் மடியிலேயே விட்டுவிட்டு, எட்டு கிலோவைத் தூக்கி அலுவலரின் கையிலேயே கொடுத்தார். அந்தப் பெண்ணின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாளை எடுத்தார்.

“அன்னிக்கு நான் சரியாக் கேக்கலம்மா. இப்பக் கேக்கறேன். அவசரமில்ல, மெதுவாச் சொல்லு. சிரிக்க முடியுதா?”

“முடியல.”

“தூக்கம்?”

“வரல. வந்தாலும் பாதில முழிச்சுக்கறேன். பொழுதே விடியாத மாதிரி இருக்கு.”

“குழந்தையப் பாத்தா என்ன தோணுது?”

“யார் வீட்டுக் குழந்தையோ அழற மாதிரி இருக்கு. என் குழந்தைன்னு தெரியுது. ஆனா கை எழும்ப மாட்டேங்குது. நான் நல்ல அம்மா இல்ல. இந்த வீட்டுக்கு வேற யாராவது வந்திருக்கலாம்.”

மைக் அணையவில்லை. மைக்செட்காரர் சுவிட்சில் கை வைத்தபடி அப்படியே நின்றிருந்தார். பிறகு கேட்டபோது, அவர் வீட்டிலும் நாலு மாதக் குழந்தை இருப்பதாகச் சொன்னார்.

ஒன்பது கேள்வி முடிந்தது. பத்தாவதில் ‘இத்திட்டம் உங்களுக்குத் திருப்தி’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு நர்ஸம்மா தாளை மடித்துக் கீழே வைத்தார். பழைய கேள்வியை மனப்பாடமாகவே கேட்டார். மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். ஒரு குழந்தை தும்மியது கேட்டது.

“தோணும். மத்தியானம், துணி துவைக்கிற நேரத்துல. கெணத்துப் பக்கம் போகவே பயமா இருக்கும். அதான் உள்ள வந்து செவுத்தைப் பாத்து உட்காந்துக்குவேன். அப்படியே உட்காந்திருந்தா ஒண்ணும் ஆகாது. இவர் வர்ற வரைக்கும் உட்காந்துடுவேன்.”

மோட்டார்க்காரன் இரண்டு மாதமாக அந்தச் சுவரைத் திட்டிக்கொண்டிருந்தவன். குழந்தையோடு மேடைக்கு ஏறினான். யாரும் தடுக்கவில்லை. டாக்டரம்மா ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் வந்துவிட்டார்.

“நீ உன்னை நீயே காப்பாத்திக்கிட்டு உக்காந்திருந்திருக்க” என்றார் அவளிடம். “கெட்டிக்காரிம்மா நீ. இது சீக்கு. சளி, ஜுரம் மாதிரி ஒரு சீக்கு. உன் தப்பு கிடையாது. குணமாகும், எங்கூட வா.”

“அந்தக் கேள்வி எனக்கும் அப்படித்தான்” என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் இன்னொருத்தி கை தூக்கினாள். “நர்ஸம்மா, எனக்கு ஆறாவது கேள்விக்கு ரெண்டுன்னு எழுதிக்குங்க. அன்னிக்கு மாமியார் பக்கத்துல இருந்தாங்க, சொல்லல.” அந்த மாமியார் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த வயதில் தானும் பதில் சொல்லலாமா என்று கேட்டார்.

“தாய்மார்களே, தயவுசெய்து மகிழ்ச்சியாக இருங்கள்! இது உத்தரவு!” என்று அலுவலர் கத்தினார். அவர் கையிலிருந்த எட்டு கிலோ, சுபாவம் எவ்வளவுதான் நல்லதாக இருந்தாலும், அந்தச் சத்தத்தில் பயந்து அவர் சட்டையை நனைத்துவிட்டது.

டாக்டரம்மா தன் ஜீப்பிலேயே மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனார். தாயும் குழந்தையும் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள், தினமும் உட்கார வைத்துப் பேசினார்கள், தூங்க விட்டார்கள். அவள் தூங்கும்போது குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டார். எவ்வளவு நாளில் சரியாகும் என்று மோட்டார்க்காரன் டாக்டரம்மாவைக் கேட்டதற்கு, “காயில் கட்டற மாதிரி சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போன்னு சொல்ல முடியாது தம்பி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். நடுவுல ரெண்டு நாள் பின்னாடியும் போகும். பயந்துடாத” என்றாராம்.

அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. விழா முடிந்த ஒரே வாரத்தில் எங்கள் வட்டாரத்தில் முப்பத்தொரு பெண்களுக்குச் சோகம் பதிவானது. மகிழ்ச்சி அலுவலர் அதை ஆராய்ந்து, விழாக்களால் சோகம் பரவுகிறது, இனி விழாக்களைத் தடை செய்யலாம் என்று அறிக்கை அனுப்பினார். அறிக்கை மேலிடத்துக்கு மிகவும் பிடித்துப்போய், அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து முதியோர் மகிழ்ச்சித் திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போன மாதம் மூட்டுவலி ஒழிந்ததாகக் கேள்வி. இங்கே புதிதாக ஒரு தாள் வந்திருக்கிறது. டாக்டரம்மா சண்டை போட்டதில் பழைய பத்தாவது கேள்வி திரும்பி வந்துவிட்டது. அதற்கு ஈடாக, அலுவலகத்தின் கௌரவத்துக்காக, பதினொன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ‘காரணமில்லாமல் கோபம் வருகிறதா?’

இந்தப் புதுத் தாளை எடுத்துக்கொண்டு நர்ஸம்மா நேற்று மோட்டார்க்காரன் வீட்டுக்கு வந்தார். பதிவேடுகளைத் தூக்க நானும் கூடப் போனேன். குழந்தை ஐந்து கிலோ அறுநூறு. பாயில் குப்புற விழுந்து, அந்தச் சாதனையை எல்லோரும் பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். சிலவற்றுக்கு ஒன்று, ஒன்றிரண்டுக்கு இரண்டு. தூக்கம் இன்னும் முழுசாக வரவில்லை. கிணற்றுப் பக்கம் போகிறாள், ஆனால் டெய்லர் சம்சாரத்தைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போகிறாள். பத்தாவது கேள்விக்கு, “முன்ன மாதிரி இல்ல. வந்தாச் சொல்லிடுவேன்” என்றாள். நர்ஸம்மா அதை அப்படியே வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார்.

அப்போது மோட்டார்க்காரன் கடையிலிருந்து உள்ளே வந்தான். குழந்தை குப்புற விழுந்திருப்பதைப் பார்த்த சந்தோஷத்தில் அப்படியே அள்ளித் தூக்கினான்.

“ஏங்க, அந்தக் கையோடவா குழந்தையத் தூக்குவீங்க? காலைலதான் குளிப்பாட்டினேன். புதுச் சட்டை! முதுகு பூரா கிரீஸ் பாருங்க. எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? காது கேக்குதா இல்ல மோட்டார் சத்தத்துல அதுவும் போச்சா?”

நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பதினொன்றாவது கேள்வியைப் படித்தார். “காரணமில்லாம கோபம் வருதாம்மா?”

“காரணமில்லாம எங்க நர்ஸம்மா வருது? காரணம் அதோ நிக்குது பாருங்க, கைகூடக் கழுவாம.”

மோட்டார்க்காரன் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனான். வெகு நேரமாக ஆள் வரவில்லை. நான் போய் எட்டிப் பார்த்தேன். தொட்டியடியில் நின்றுகொண்டு அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தான். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, கை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.